பின்சக்கரத்தின் 230 மில்லிமீட்டர்

கவாசாகி நிறுவனத்தின் கேஎல்ஆர் 650 மோட்டார் சைக்கிள் 1987ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின், 23 லிட்டர் பிடிக்கும் பெட்ரோல் டாங்க், நெடுஞ்சாலையில் ஓட்டத் தேவையான விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் உண்டு. தார் முடிந்து மண்பாதை தொடங்கினாலும் நிற்காமல் போகலாம். இப்படி இரண்டு வகைத் தரைக்கும் பொதுவான வண்டியை அமெரிக்கர்கள் டூயல் ஸ்போர்ட் என்கிறார்கள். 1968இல் யமஹாவின் டிடி-1 போட்ட பாதை அது. கேஎல்ஆர் 2007 வரை பெரிய மாறுதல் இல்லாமலே விற்றது. அதை வாங்கிய பலர் ஓரிரு பயணம் முடிந்ததும் மாற்ற நினைத்த பாகம் ஒன்று உண்டு: பின் ஷாக் அப்சார்பர்.

அதைக் குறைபாடான பாகம் என்று சொல்லிவிட முடியாது. தொழிற்சாலை ஓட்டப்போகிறவரைப் பார்த்து ஸ்பிரிங் பொருத்துவதில்லை. 60 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவரும், 100 கிலோ எடையோடு கூடாரம், அடுப்பு, தண்ணீர், கருவிப்பெட்டி எல்லாம் கட்டிக்கொண்டு மலையேறும் ஒருவரும் ஒரே கடையில் ஒரே வண்டியைத்தான் வாங்குகிறார்கள். நடுவில் எங்கோ ஓர் எடையை மனத்தில் வைத்துத்தான் ஸ்பிரிங் போட முடியும். அந்த நடுவிலிருந்து தள்ளி இருப்பவர் ஒவ்வொருவருக்கும் அது தவறான ஸ்பிரிங்.

புதிய ஷாக் தேடுபவர்கள் வழக்கமாக வைக்கும் புகார், “பின்பக்கம் ரொம்பக் கடினம், கல்லில் ஏறினால் முதுகெலும்பில் குத்துகிறது” என்பது. இதைக் கேட்டதும் இன்னும் மெத்தென்ற ஸ்பிரிங் வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரும்பாலும் உண்மை இதற்கு நேர் எதிர். முதுகில் குத்துவது மென்மையான ஸ்பிரிங்தான். சரியான ஷாக்கைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய இயற்பியல் இதில் இருக்கிறது.

1970களுக்கு முன் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின்பக்கத்தில் இரு புறமும் இரண்டு ஷாக்குகள் நின்றன. பெல்ஜியத்தைச் சேர்ந்த பொறியாளர் லூசியன் டில்கென்ஸ் ஒரே ஷாக்கை இருக்கைக்கு அடியில் படுக்க வைத்தார். யமஹா அந்த யோசனையை வாங்கிக்கொண்டது. 1973இல் ஸ்வீடன் வீரர் ஹோகன் ஆண்டர்சன் அதே அமைப்பில் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றதும், மற்ற நிறுவனங்களும் ஒற்றை ஷாக்கின் பக்கம் திரும்பின. பத்தாண்டுக்குள் ஷாக்குக்கும், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் இடையே லிங்க் எனப்படும் நெம்புகோல் இணைப்பு வந்து சேர்ந்தது. கவாசாகியின் யூனி-ட்ராக், ஹோண்டாவின் ப்ரோ-லிங்க், சுசுகியின் ஃபுல் ஃப்ளோட்டர் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

லிங்க் செய்யும் வேலை நுட்பமானது. சக்கரம் தன் பயணத்தின் தொடக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் ஏறும்போது ஷாக் கொஞ்சமே அமுங்குகிறது. சக்கரம் மேலே போகப் போக, அதே ஒரு மில்லிமீட்டருக்கு ஷாக் அதிகம் அமுங்குகிறது. அதனால் சிறு கற்களை மென்மையாக விழுங்கும் பின்பக்கம், பெரிய பள்ளத்தில் விழும்போது தானாகவே கடினமாகி, அடிதட்டாமல் காக்கிறது.

எடைக்குப் பொருந்தாத மென்மையான ஸ்பிரிங் இருந்தால் என்ன நடக்கும்? ஆள் ஏறி உட்கார்ந்ததுமே பின்பக்கம் பாதி வழி அமுங்கிவிடுகிறது. கடினமான அந்தப் பகுதியில்தான் இனி சக்கரம் வேலை செய்தாக வேண்டும். தொடக்கத்து மென்மை அவருக்குக் கிடைப்பதே இல்லை. ஒவ்வொரு கல்லும் லிங்க்கின் கடினமான முனையில் மோதுகிறது, கொஞ்சம் பெரிய கல் வந்தால் அடியிலுள்ள ரப்பரில் போய் இடிக்கிறது. வண்டி கடினமாக இருக்கிறது என்ற அவருடைய உணர்வு உண்மையானது, காரணத்தைப் பற்றிய ஊகம்தான் தலைகீழ். மெத்தென்ற ஸ்பிரிங்கை இன்னும் மெத்தென்றதாக மாற்றினால் துன்பம் கூடத்தான் செய்யும்.

எண்களில் பார்ப்போம். பழைய கேஎல்ஆர் வண்டியின் பின்சக்கரம் மேலும் கீழுமாகப் போகக்கூடிய தூரம் 230 மில்லிமீட்டர். கணக்குக்காக, சக்கரம் 3 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஷாக் சராசரியாக 1 மில்லிமீட்டர் அமுங்குவதாக வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 60 நியூட்டன் என்றால், சக்கரத்தில் அது 60ஐ 3இன் வர்க்கமான 9ஆல் வகுத்த அளவாகத்தான் தெரியும், அதாவது மில்லிமீட்டருக்கு 6.7 நியூட்டன். நெம்புகோல் விசையையும் மாற்றுகிறது, தூரத்தையும் மாற்றுகிறது என்பதால்தான் வர்க்கம் வருகிறது. இப்போது பின் கேரியரில் 30 கிலோ சாமான் கட்டினால், அந்த எடை முழுவதும் பின்சக்கரத்தில் இறங்கும்போது பின்பக்கம் கூடுதலாக 44 மில்லிமீட்டர் தாழும். மொத்தப் பயணத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, வண்டி நகர்வதற்கு முன்பே போய்விட்டது. 75 நியூட்டன் ஸ்பிரிங் இருந்தால் அதே சாமானுக்கு 35 மில்லிமீட்டர்தான் தாழும்.

இந்த இடத்தில் அனேகமாக எல்லோரும் தேடிப்போவது ப்ரீலோட். ஷாக்கின் மேல் வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பது அது. வளையத்தைத் திருகத் திருக ஸ்பிரிங் கடினமாகிறது என்ற நம்பிக்கை பட்டறைகளிலும் இருக்கிறது. அது சரியல்ல. 60 நியூட்டன் ஸ்பிரிங் எவ்வளவு திருகினாலும் 60 நியூட்டன் ஸ்பிரிங்தான். ப்ரீலோட் மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை. மேலே சொன்ன நெம்புகோல் கணக்கில், ஸ்பிரிங்கை 10 மில்லிமீட்டர் கூடுதலாக அமுக்கினால் பின்பக்கம் 30 மில்லிமீட்டர் எழும்பும். அதற்கும் ஒரு விலை உண்டு. அளவுக்கு மேல் ப்ரீலோட் வைத்த வண்டியில் பின்சக்கரத்துக்குக் கீழே இறங்க இடமே இருக்காது. பள்ளம் வந்தால் சக்கரம் அதில் இறங்காமல் காற்றில் தாண்டும், பிறகு தடாலென்று விழும்.

ஸ்பிரிங் சரியா என்று கண்டுபிடிக்கத் தேவைப்படுவது ஓர் அளவு நாடாவும் உதவிக்கு ஓர் ஆளும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஷாக்குக்குப் பணம் கொடுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்கிறார். வண்டியைத் தூக்கி நிறுத்திப் பின்சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது, அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே சட்டத்தில் ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது ஓர் அளவு. கடைசியாக ஹெல்மெட், பூட்ஸ், வழக்கமான சாமான் எல்லாவற்றோடும் ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்து ஓர் அளவு. உராய்வினால் ஷாக் ஒரே இடத்தில் வந்து நிற்காது என்பதால், ஒரு முறை கீழே அமுக்கி விட்டும் ஒரு முறை மேலே தூக்கி விட்டும் அளந்து சராசரி எடுப்பது நல்லது.

ஆளும் சாமானும் ஏறிய பின் பின்பக்கம் மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய 30 முதல் 33 சதவீதம் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது இந்த வகை வண்டிகளுக்கு நெடுங்காலமாகப் புழங்கும் அளவுகோல். 230 மில்லிமீட்டருக்கு அது சுமார் 70. சென்னைப் பகுதியில் தயாரிக்கப்பட்டு 2016இல் அறிமுகமான ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வண்டிக்கும் லிங்க் வைத்த ஒற்றை ஷாக்தான். அதன் பின்சக்கரப் பயணம் 180 மில்லிமீட்டர் என்பதால் 54 முதல் 60 வரை. வெறும் வண்டி மட்டும் நிற்கும்போது 5 முதல் 10 சதவீதம் தாழ்ந்தால் போதும்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ப்ரீலோடைத் திருகி ஆள் ஏறிய அளவை 70க்குக் கொண்டுவந்த பிறகு, வெறும் வண்டி கொஞ்சம்கூடத் தாழாமல் விறைத்து நின்றால் ஸ்பிரிங் மென்மையானது. ப்ரீலோடின் தயவில்தான் அது தாங்கிக்கொண்டிருக்கிறது. ஆள் ஏறிய அளவு சரியாக இருந்தும் வெறும் வண்டியே 40, 50 மில்லிமீட்டர் தொய்ந்தால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினமானது. இந்தச் சோதனையை முடித்த சிலருக்குப் புதிய ஷாக்கே தேவையில்லை என்று தெரிய வரும். பழைய ஷாக்கில் வேறு ஸ்பிரிங் மாற்றினாலே அவர்களுடைய பிரச்சினை தீர்ந்துவிடும், செலவும் வெகுவாகக் குறையும்.

ஸ்பிரிங்கைக் கண்ணால் பார்த்து மதிப்பிட முடியாது. கம்பிச்சுருளின் விறைப்பு கம்பியின் விட்டத்தின் நான்காம் படியைச் சார்ந்தது. சுருளின் அகலமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாமல், 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 12.5 மில்லிமீட்டர் கம்பியைச் சுற்றினால் விறைப்பு 18 சதவீதம் கூடிவிடும். அரை மில்லிமீட்டரைக் கண் பிரித்தறியாது. ஆகவே ஸ்பிரிங்கின் மேல் அச்சடித்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். அதிலும் அலகைக் கவனிக்க வேண்டும்: ஐரோப்பியர்கள் நியூட்டனில் எழுதுவார்கள், ஜப்பானிய வழக்கம் கிலோ, அமெரிக்கர்களுக்கு அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு. 60 நியூட்டன், 6.1 கிலோ, 343 பவுண்டு மூன்றும் ஒரே ஸ்பிரிங்.

ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, ஆனால் வாங்கிய சக்தியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். அதைத் தடுப்பது ஷாக்கின் உள்ளே இருக்கும் எண்ணெய். பிஸ்டன் எண்ணெய்க்குள் நகரும்போது சிறு துளைகளையும், அவற்றை மூடியிருக்கும் மெல்லிய எஃகு வட்டுகளையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் பாய வேண்டியிருக்கிறது. அந்த எதிர்ப்புதான் டேம்பிங். அமுங்கும்போது ஒரு வேகத்தடை, எழும்பும்போது இன்னொன்று. எழும்பும்போது வேலை செய்வதை ரீபவுண்ட் என்பார்கள், டூயல் ஸ்போர்ட் வண்டியில் ஓட்டுபவரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இதுதான். ரீபவுண்ட் குறைவாக இருந்தால் கல்லில் ஏறி இறங்கிய பின்பக்கம் ஆளைத் தூக்கி முன்னால் எறிகிறது. அதிகமாக இருந்தால் ஷாக் முழுதாக எழும்புவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. மேட்டுக்கு மேடு பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போய், கடைசியில் லிங்க்கின் கடினமான பகுதியில் சிக்கிக்கொள்கிறது. மறுபடியும் அதே முதுகு வலி, இந்த முறை வேறொரு காரணத்தால்.

ஸ்பிரிங்கும் டேம்பிங்கும் பிரிக்க முடியாத ஜோடி. அலையாமல் ஒரே மூச்சில் அடங்கத் தேவைப்படும் டேம்பிங், விறைப்பையும் எடையையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. ஸ்பிரிங் மட்டும் 20 சதவீதம் கடினமானால் டேம்பிங் ஏறத்தாழ 10 சதவீதம் கூட வேண்டும். எடையும் 20 சதவீதம் கூடினால் டேம்பிங்கும் 20 சதவீதம். சிறிய மாற்றத்தை ஷாக்கிலுள்ள திருகு ஏற்றுக்கொள்ளும். பெரிய மாற்றம் என்றால் உள்ளிருக்கும் எஃகு வட்டுகளையே மாற்றி அடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் ரேஸ் டெக், வட கரோலினாவின் கோஜென்ட் டைனமிக்ஸ் போன்ற அமெரிக்கப் பட்டறைகள் இதைத்தான் தொழிலாகச் செய்கின்றன. ஓட்டுபவரின் எடையையும் போகும் பாதையையும் கேட்ட பிறகே வட்டுகளை அடுக்குகிறார்கள். விலைக்கு வாங்கும் ஷாக்கில் எத்தனை திருகுகள் இருக்கின்றன என்பதைவிட, அதை அடைத்தவர் இந்தக் கேள்விகளைக் கேட்டாரா என்பதே முக்கியம்.

அடுத்தது வெப்பம். டேம்பிங் தடுத்த சக்தி எங்கேயும் போய்விடுவதில்லை, எண்ணெயைச் சூடாக்குகிறது. 2008இல் வந்த கேஎல்ஆரின் எடை 196 கிலோ. 85 கிலோ ஆளையும் சேர்த்தால் சுமார் 280. அதில் பாதி பின்சக்கரத்தில் என்று கொண்டால், 10 சென்டிமீட்டர் விழும் ஒவ்வொரு முறையும் 137 ஜூல் சக்தி பின்பக்கம் வந்து சேர்கிறது. நொடிக்கு ஒரு முறை அப்படி நடந்து, அத்தனையும் ஷாக்குக்குள் தங்கினால் 137 வாட். உள்ளே 200 மில்லி எண்ணெய் இருந்து, வெப்பம் வெளியேறவே இல்லை என்றால், இரண்டு மூன்று நொடிக்கு ஒரு டிகிரி வீதம் சூடு ஏறும். உலோகமும் காற்றும் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன என்பதால்தான் ஷாக் பிழைக்கிறது.

அதற்குக் கடுமையான சோதனை வரிவரியாக அலை விழுந்த மண்சாலை. ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் 600 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கிப் ரிவர் சாலை இதற்குப் பேர் பெற்றது. இந்த அலைகள் வண்டிகளின் ஸ்பிரிங் துள்ளுவதால் உண்டாகின்றன என்று எளிதில் தோன்றும். நிக்கோலா டாபர்லே, ஸ்டீஃபன் மாரிஸ், ஜிம் மெக்எல்வைன் ஆகிய மூன்று இயற்பியலாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மணல் நிரப்பிய சுழல்மேசையில் ஸ்பிரிங்கே இல்லாத சக்கரத்தை உருட்டியும் அலை எழுவதைக் காட்டினார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் மணல் தானாகவே அலையாகிறது. அந்த அலைகள் 70 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், பின்சக்கரம் நொடிக்கு 24 அடி வாங்குகிறது, மணிக்கணக்கில். எண்ணெய் சூடாகி நீர்த்துப் போகிறது, டேம்பிங் குறைகிறது. காலையில் கட்டுப்பாட்டோடு ஓடிய வண்டி மதியம் குதிரையாகத் துள்ளுகிறது.

சூட்டோடு இன்னொரு கேடும் வருகிறது. எண்ணெயும் காற்றும் ஒரே குழாயில் இருந்தால் வேகமான அசைவில் இரண்டும் கலந்து நுரைத்துவிடும். நுரைக்கு எதிர்ப்பு காட்டும் வலு இல்லை. பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்டியன் பூர்சியே தெ கார்போன் 1950களில் இதற்கு ஒரு தீர்வு கண்டார். எண்ணெய்க்கும் அழுத்தப்பட்ட வாயுவுக்கும் இடையே மிதக்கும் பிஸ்டன் ஒன்றை வைத்து இரண்டையும் பிரித்தார். இன்றைய நல்ல ஷாக்குகளில் நைட்ரஜனை அடைத்துத் தனிக் குப்பியாக ஒட்டியிருக்கும் பகுதி அந்த யோசனையின் வாரிசு. குப்பி இருந்தால் எண்ணெயின் அளவு கூடுகிறது, சூடு தணிய உலோகப் பரப்பும் கூடுகிறது. வார இறுதியில் ஐம்பது கிலோமீட்டர் மண்பாதை ஓட்டுபவருக்கு இது அவசியமில்லை. சாமானோடு நாள்கணக்கில் அலைச்சாலையில் போகிறவர் இதற்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல.

சந்தையில் தேர்வுகள் ஏராளம். கென்த் ஓலின் 1976இல் ஸ்வீடனில் தொடங்கிய ஓலின்ஸ், இரண்டே ஆண்டில் சோவியத் வீரர் கென்னடி மொய்சேயெவுக்கு 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வாங்கித் தந்தது. நெதர்லாந்தின் ஹைப்பர்ப்ரோவும் டிராக்டிவும், ஜெர்மனியின் வில்பர்ஸ், பிரிட்டனின் ஹேகன், தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் என்று பட்டியல் நீளும். பெயரைவிட முதலில் கேட்க வேண்டியது, அந்த ஷாக்கைப் பிரித்துச் சரிசெய்ய முடியுமா என்பது. பல வண்டிகளில் தொழிற்சாலை ஷாக் அடைத்து முடித்த ஒன்று, எண்ணெய் கசிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். சீல், எண்ணெய், நைட்ரஜன் ஆகியவற்றை மாற்றக்கூடிய ஷாக் வண்டியின் ஆயுள் முழுவதும் கூட வரும். பக்கத்து ஊரில் அதைச் செய்யத் தெரிந்த ஆள் இருப்பது கூடுதல் பலம்.

தனியாகவும் ஜோடியாகவும் மாறி மாறிப் போகிறவர், கையால் திருகக்கூடிய ஹைட்ராலிக் ப்ரீலோட் குமிழ் உள்ள ஷாக்கை எடுப்பது நல்லது. சுத்தியலும் ஸ்பேனரும் கொண்டு வளையத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய அமைப்பை வழியில் நின்று யாரும் மாற்றுவதில்லை, தவறான உயரத்திலேயே ஓட்டிவிடுகிறார்கள்.

வண்டியின் ஆண்டைச் சரிபார்க்காமல் ஷாக் வாங்கக் கூடாது. கேஎல்ஆர் என்ற பெயர் மாறாமலே 2008இல் அதன் பின்சக்கரப் பயணம் 230 மில்லிமீட்டரிலிருந்து 185 ஆனது. சுசுகியின் டிஆர் 650 எஸ்இ வண்டியில், குள்ளமானவர்களுக்காக ஷாக்கின் கீழ்ப்பிணைப்பை மாற்றி உயரத்தைக் குறைக்கத் தொழிற்சாலையே வழி வைத்திருக்கிறது. எந்த நிலையில் வண்டி இருக்கிறது என்று சொல்லாவிட்டால் ஷாக் செய்பவர் தவறாகக் கணக்குப் போடுவார். வேறு வண்டியின் ஷாக் இதன் போல்ட்டில் பொருந்துகிறது என்பதற்காகப் போடுவதும் ஆபத்து, லிங்க்கின் கணக்கு வேறாக இருக்கும். நீளத்தில் வரும் சிறு வித்தியாசமும் நெம்புகோலில் பெருகும். ஷாக் 5 மில்லிமீட்டர் நீண்டால் பின்பக்கம் 15 மில்லிமீட்டர் உயரும். பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க்கின் சாய்வு குறைந்து ஹேண்டில் சுருக்கெனத் திரும்பும், மணலில் அது ஆட்டம் காட்டும். தாழ்ந்தால் முன்சக்கரம் பாரமிழந்து வளைவில் வெளிப்பக்கம் ஓடும், இரவில் ஹெட்லைட் மரக்கிளைகளில் அடிக்கும். பின்பக்கம் வலுவாகிவிட்ட வண்டியில் முன் ஃபோர்க்கின் ஸ்பிரிங்கையும் எடைக்கு ஏற்ப மாற்றினால்தான் இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

பழைய ஷாக்கைக் கழற்றும்போதே லிங்க்கின் ஊசி பேரிங்குகளையும் பார்த்துவிட வேண்டும். சேறும் தண்ணீரும் புகுந்து கிரீஸ் காய்ந்த பேரிங், எவ்வளவு விலை உயர்ந்த ஷாக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். புதியது பொருத்திய பிறகு தாழும் அளவுகளை மீண்டும் எடுத்து எழுதி வைக்க வேண்டும், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை. டேம்பிங் திருகை முழுதாக மூடிய நிலையிலிருந்து எண்ணி, ஒரே சாலையில் ஓட்டி, ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் இரண்டு சொடுக்குத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்திருந்தால் சைடு ஸ்டாண்டில் வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும், தேவைப்பட்டால் ஸ்டாண்டின் அடியில் தகடு வைத்துக்கொள்ளலாம். செயினின் தளர்வையும் புதிதாக வைக்க வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்மின் மையம், பின் அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். ஆள் யாராவது உட்கார்ந்தோ பட்டை கட்டி இழுத்தோ அந்த நிலைக்கு வண்டியைக் கொண்டுவந்து, அங்கே கொஞ்சம் தளர்வு மீதமிருக்குமாறு வைத்தால் கியர்பாக்ஸ் பேரிங்கும் பிழைக்கும், புதிய ஷாக்கும் தன் முழுத் தூரத்தையும் பயன்படுத்தும்.